தொட்டா ஒண்ணும் சொல்லாது

ராயர்தோப்பு காலனியில ஆளுங்க பழசாயிட்டா துடைச்சிருவாங்க. பழசுன்னா வயசு இல்ல. ஒவ்வொருத்தர் பேருக்குப் பக்கத்துலயும் ஒரு தேதி இருக்கும், அது பழசாகக் கூடாது, அவ்வளவுதான். பல்லே இல்லாத ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர் போன வாரத் தேதியோட ஜம்முனு உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கார். தவழ்ற கொழந்தை ஒண்ணு, வீட்டுக்காரங்க கல்யாண அலைச்சல்ல மறந்துட்டதால போயிருச்சு. துடைப்பு ஞாயித்துக்கெழம காலைல நடக்கும். சத்தமே வராது. முடிஞ்சதும் எல்லாரும் கதவைத் தொறந்து எதிர்வீட்டைப் பாப்பாங்க, எதிர்வீட்டுக்காரங்க இவங்களப் பாப்பாங்க. ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா சிரிச்சுக்கிட்டு உள்ள போயிருவாங்க.

தண்ணித் தொட்டிக்குக் கீழ ஒரு ரூம் இருக்கு. அதுக்குள்ள ஒரு கறுப்புத் திரை, ஒரு கீபோர்டு, ஸ்டெல்லா அக்கா. நாம போய் பேரையும் வீட்டையும் சொன்னா அக்கா தட்டுவாங்க. தட்டினா ஆயிரும். எந்தக் கட்டளை எதுக்குன்னு சுவத்துல நீலப் பெயின்ட்ல பெருசா எழுதியிருக்கு. ‘டச்’ங்கிறது இருக்கிற ஆளோட தேதியைப் புதுசாக்கறதுக்கு. ‘கேட்’ங்கிறது ரெண்டு மூணு பேரை ஒருத்தர் பின்னால ஒருத்தராச் சேக்கறதுக்கு. ‘மூவ்’ங்கிறது ஆளை இடம் மாத்தறதுக்கு.

எழுதி என்ன, அதுக்கா பயன்படுத்தறாங்க? ‘கேட்’டுக்கு ஒரே ஒரு பேரைக் குடுத்தா, சேக்கறதுக்கு வேற ஆள் இல்லாம, அந்த ஒருத்தருக்குள்ள இருக்கறதை அப்படியே திரையில கொட்டிரும். அதனால பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை பேரை எடுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க. ஸ்டெல்லா அக்கா வெங்காயம் உரிச்சுக்கிட்டே, “இது பாக்கறதுக்கு இல்லம்மா, சேக்கறதுக்கு”ன்னு சொல்வாங்க. சொல்லிட்டு தட்டிக் குடுத்து, அவங்களும் எட்டிப் பாப்பாங்க.

‘டச்’சும் அப்படித்தான். இல்லாத பேரைக் குடுத்தா அது கோவிச்சுக்காது. அந்தப் பேர்ல ஒரு ஆளை உண்டாக்கி வச்சிரும். சட்டை இருக்கும், மீசை இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. காலனியில பாதிப் பேரு இதுக்குத்தான் அங்க போறதே. சி பிளாக் குமுதாவோட எதிர்வீட்டு அமீனா, ரேஷன் கடை வரிசையில நிக்கறதுக்குன்னே அப்பப்ப ஒரு பேரைச் சொல்லித் தட்ட வைப்பா. காலி ஆளுங்களால தொந்தரவு கெடையாது. சோறு வச்சா சாப்பிடுவாங்க, பக்கத்துல கை தட்டினா அவங்களும் தட்டுவாங்க. கனம்தான் இருக்காது. ஃபேனை அஞ்சுல வச்சா மெதுவா நகந்து போயிருவாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தக் கட்டளைங்க எல்லாம் வேலை சரியா முடிஞ்சா ஒண்ணும் சொல்லாது. சும்மா இருக்கும்.

குமுதா சனிக்கெழம சாயங்காலம் பால் வாங்கப் போறப்ப அப்படியே தன் வீட்டுக்காரர் தணிகைவேலைத் தொட்டுட்டு வந்திருவா. தன் பேரை வெள்ளிக்கெழமயே தொட்டு வச்சுக்குவா, பொண்ணு பூவிழியை ஸ்கூல்லயே தொட்டு அனுப்பிருவாங்க. தணிகைவேலுக்கு டயர் கம்பெனி குடோன்ல வேலை. அந்தச் சனிக்கெழம கரண்டு போச்சு. கிரைண்டர் பாதியில நின்னுச்சு. அரிசி புளிக்கறதுக்குள்ள கரண்டு வந்துருமான்னு அது பக்கத்துலயே உக்காந்தவ, அங்கயே சுருண்டு தூங்கிட்டா. ஞாயித்துக்கெழம எழுந்து தலைக்கு எண்ணெய் வைக்கிறப்பத்தான் நெனப்பு வந்துச்சு. வீட்ல அவர் இருக்காரான்னுகூடப் பாக்காம, எண்ணெய்க் கையோடயே படியில எறங்கி ஓடினா.

“துடைப்பு ஆரம்பிச்சிருச்சே”ன்னாங்க ஸ்டெல்லா அக்கா.

“எது வரைக்கும் வந்திருக்குக்கா?”

“அது எங்க சொல்லுது.”

“தணிகைவேல். சி பிளாக், மாடி வீடு. தொடுங்கக்கா.”

அக்கா தட்டினாங்க. திரையில அந்தச் சின்னக் கோடு மின்னி மின்னி நின்னுச்சு. வேற ஒண்ணும் வரல.

“ஆயிருச்சாக்கா?”

“ஆயிருச்சு.”

“நீங்க தொடும்போது அவர் இருந்தாரா?”

ஸ்டெல்லா அக்கா யோசிச்சாங்க. “இருந்திருந்தா தேதி மாறியிருக்கும். இல்லாம இருந்திருந்தா புதுசா ஒருத்தர் வந்திருப்பார். ரெண்டுக்கும் இது இப்படித்தான் சும்மா இருக்கும்.”

“ஆள் இல்லன்னா உண்டாக்க வேணாம்னு ஒரு எழுத்து சேத்து அடிப்பீங்களே.”

“அடிச்சிருக்கலாம். நீ ஓடி வந்த வேகத்துல எனக்கும் கை ஓடிருச்சு.”

குமுதா மாடிப்படி ஏறினா. கதவு தொறந்திருந்துச்சு. தணிகைவேல் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தார். அவளைப் பாத்தார்.

இப்ப கஷ்டம் என்னன்னா, தணிகைவேல் பேசற ஆளே இல்ல. கல்யாணத்தன்னைக்கு மேளச் சத்தத்துக்கு நடுவுல “ஃபேன் போடுங்க”ன்னு சொன்னார். அன்னைக்கு அவர் பேசினது மொத்தமே அதுதான். டீ வேணுமான்னு கேட்டா டம்ளரைப் பாப்பார். ஊருக்குப் போகலாமான்னு கேட்டா செருப்பைப் பாப்பார். குமுதா சக்கரை போடாம ஒரு டீ குடுத்தா. குடிச்சார். உப்புப் போட்டு ஒண்ணு குடுத்தா. அதையும் குடிச்சார். ஆனா பழைய தணிகைவேலும் குடிச்சிருப்பார், அதுவும் அவளுக்குத் தெரியும்.

“அப்பா ஒரு மாதிரி இருக்காரா பாரு”ன்னு பொண்ணுகிட்ட மெதுவாக் கேட்டா.

பூவிழி பாத்தா. “அப்பா எப்பவும் இப்படித்தானேம்மா.”

அமீனா கதவுகிட்ட வந்து தலையை நீட்டினா. “இருக்காரா?”

“இருக்கார்.”

“உள்ளயும் இருக்காரா?”

“தெரியலடி.”

“ஃபேனை ஏத்திப் பாத்தா தெரிஞ்சிரப் போகுது.”

“வேணாம்.”

“வேணாம்னா விடு. தெரியாத வரைக்கும் புருஷன்தான்”னு சொல்லிட்டு அமீனா போயிட்டா. அவளோட காலி ஆள் ஒருத்தர் ரேஷன் பையோட பின்னாலயே போனார், காத்து எதிர்ல அடிச்சதால சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே.

குமுதா ஃபேனை ரெண்டுலயே வச்சிருந்தா. ஜன்னலைச் சாத்தினா. சித்திரை வெயில், வீடு அடுப்பு மாதிரி கொதிச்சுது. அவருக்குப் பின்னால போறப்ப தன் முந்தானை வீசாம இழுத்துச் செருகிக்கிட்டா. தும்மல் வந்துச்சு, பாத்ரூமுக்குள்ள போய்த் தும்மிட்டு வந்தா. மத்தியானம் பாயை விரிச்சு மூணு பேருக்கும் சோறு போட்டா. வெளையாடிட்டு வந்த பூவிழி, “என்னம்மா இப்படி வேகுது”ன்னு சொல்லிக்கிட்டே ஃபேனைத் திருகி அஞ்சுல வச்சா.

குமுதா கையில கரண்டியோட அப்படியே நின்னா. கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆகல. அப்புறம் தணிகைவேல் நகர ஆரம்பிச்சார். சம்மணம் போட்டபடி, தட்டையும் பிடிச்சுக்கிட்டு, பாயைத் தாண்டி, தரையில வழுக்கி வழுக்கிப் போனார். சுவத்துல தோள் முட்டினதும் நின்னார். நின்ன இடத்துலயே அடுத்த கவளத்தை எடுத்து வாயில போட்டார்.

பூவிழி தன் தட்டை எடுத்துக்கிட்டு அவர் பக்கத்துல போய் உக்காந்தா. “அப்பாவுக்கு ரசம் ஊத்தும்மா”ன்னா.

குமுதா ரசம் ஊத்தினா. பாதி தரையில போச்சு.

மறுநாள் ஸ்டெல்லா அக்காகிட்டப் போய், “காலிதான்க்கா”ன்னு சொன்னா.

“ம்.”

“அவர நெரப்பணும்.”

“யாரை வச்சு? கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”

“யாரும் இல்ல. கம்பெனி ஆளுங்கதான் தெரியும்.”

“அவங்க கம்பெனித் திரையில இருப்பாங்க, எனக்கு எட்டாது.”

“அப்ப நான் இருக்கேன், பூவிழி இருக்கா. அவரைப் பத்தி ஏதாச்சும் தெரியும்னா எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.”

ஸ்டெல்லா அக்கா கையில இருந்த வெங்காயத்தைக் கீழ வச்சாங்க. முந்தானையில கையைத் துடைச்சாங்க. “‘கேட்’டை அது எதுக்கோ அதுக்குன்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான்”னாங்க. “நீங்க ரெண்டு பேரும் கொறைய மாட்டீங்க, பயப்படாத. பாத்து எழுதற மாதிரிதான். மொதல்ல நீ, உன் பின்னால பூவிழி, ரெண்டும் அப்படியே அவருக்குள்ள போகும்.”

தட்டினாங்க. குமுதாவுக்கு, செருப்புக் காலோட யாரோ தன் வீட்டு அறை ஒவ்வொண்ணுக்குள்ளயும் நடந்து போன மாதிரி இருந்துச்சு. பீரோவைத் தொறந்த மாதிரி, அதுல துணிக்கு அடியில கை விட்ட மாதிரி இருந்துச்சு. திரை ஒண்ணும் சொல்லல.

வீட்டுக்கு வந்தா தணிகைவேல் சமையக்கட்டுல நின்னுக்கிட்டிருந்தார். “வாணலியை ஊறப் போட்டியா? போடலன்னா சாயங்காலம் யாரு தேய்க்கறது?”ன்னார். குமுதா அதைத்தான் சொல்ல வாயெடுத்தா.

அதுக்கப்புறம் அவர் நிறுத்தல. எல்லாம் அவ பேச்சு, அவ பேசற அதே வரிசையில. அவ பங்கு முடியற எடத்துல மூச்சு விடாம பூவிழி பங்கு ஆரம்பிச்சிரும். “மேகம் கறுக்குது, துணியை எடுக்கணும், எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது மிஸ் அடிப்பாங்க”ன்னு ஒரே மூச்சுல சொன்னார். சோறு வேணாம் தோசைதான் வேணும்னு கொஞ்ச நேரம் அழுதார். அழுது முடிஞ்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடி வாணலியிலேருந்து ஆரம்பிச்சார். ஃபேனை அஞ்சுல வச்சும் அசையல. கனமா இருந்தார். ரெண்டு பேரு கனம். குமுதா ஜன்னலையெல்லாம் தொறந்து விட்டு, நிம்மதியா ஒரு முழு டம்ளர் தண்ணி குடிச்சா.

சாயங்காலம் ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து துணி மடிச்சாங்க. அவ மடிக்கிற மாதிரியே அவரும் ஓரத்தை நீவி நீவி மடிச்சார். அப்ப குரலைத் தாழ்த்தி, “குமுதா, கொஞ்சம் கிட்ட வா”ன்னார்.

“என்ன?”

“எனக்கு தணிகைவேலை நெனச்சா பயமா இருக்கு. அவர் அவர்தானான்னு தெரியல.”

குமுதா துணியை மடியில வச்சா. “எனக்கும்தான்”னா.

ரெண்டு பேரும் திரும்பி அந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பாத்தாங்க. அதுல யாரும் இல்ல. ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காந்துக்கிட்டு மிச்சத் துணியை மடிச்சாங்க. நாற்காலிக்கு முதுகு காட்டாம உக்காந்தாங்க.

ரெண்டு நாள் கழிச்சு வாட்ச்மேன் சின்னப்பன் போன் பண்ணினார். “ம்மா, சார் வந்திருக்கார்.”

“சார் வீட்லதான் இருக்கார்ண்ணே.”

“தெரியும்மா. அதான் உள்ள விடல.”

குமுதா எறங்கிப் போய்ப் பாத்தா. காலனி வாசலுக்கு வெளிய தணிகைவேல் நின்னுக்கிட்டிருந்தார். தாடி வளந்திருந்துச்சு, தோள்ல கம்பெனிப் பை. அவளைப் பாத்தார். ஒண்ணும் சொல்லல. அப்புறம் அவ செருப்பைப் பாத்தார். இதுதான் அவர். இதுல சந்தேகமே இல்ல.

ஸ்டெல்லா அக்கா விஷயத்தைக் கேட்டுட்டு நெத்தியைத் தேச்சுக்கிட்டாங்க. “ஆமாம்மா. சனிக்கெழம கரண்டு போறதுக்கு முன்னாடி கம்பெனியிலேருந்து பேசினாங்க. குடோன்ல சரக்குக் கணக்கு எடுக்கறாங்களாம், ஆளை அங்க மாத்திக் குடுங்கன்னாங்க. ‘மூவ்’ போட்டேன். ‘மூவ்’ போட்டா இங்க இருக்க மாட்டார், மொத்தமா அங்க போயிருவார். சீரியல் ஓடிக்கிட்டிருந்துச்சு, உங்கிட்ட சொல்ல விட்டுப் போச்சு.”

“சரிக்கா. இப்பத் திரும்ப இங்க மாத்துங்க.”

“உன் வீட்ல அதே பேர்ல ஒருத்தர் இருக்காரே.”

“இருந்தா?”

“இவர் அவர் மேல விழுவார். கீழ இருக்கறவர் இருக்க மாட்டார்.”

“வேற பேர்ல கூட்டிட்டு வரலாமா?”

“வரலாம். வேற பேர்னா வேற ஆளு. உன் வீட்டுக்குள்ள சின்னப்பன் விட மாட்டான்.”

குமுதா சுவத்துல இருந்த நீல எழுத்தைப் பாத்தா. இடம் மாத்தறதுக்குன்னுதான் எழுதியிருந்துச்சு. யாரு மேல விழும்னு எழுதல. “கேக்காமச் செஞ்சிருமாக்கா?”

“சாதாரணமா கேக்காது. ஒரு எழுத்து சேத்து அடிச்சா கேட்டுட்டுச் செய்யும்.”

“சேத்து அடிங்க.”

வீட்ல இருக்கிற தணிகைவேலை பூவிழி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா. அவர் கையில பாதி மடிச்ச துண்டு ஒண்ணு இருந்துச்சு, நடந்துக்கிட்டே மடிச்சு முடிச்சார். ரூமுக்குள்ள நாலு பேர் நிக்க எடம் பத்தல. ஜன்னல் வழியா வாசல் தெரிஞ்சுது, வெளிய நிக்கிறவரோட தோள்பை தெரிஞ்சுது.

ஸ்டெல்லா அக்கா தட்டினாங்க. இந்தத் தடவ திரை சும்மா இருக்கல.

‘சி பிளாக் மாடி வீட்டில் தணிகைவேல் இருக்கிறார். மேலே எழுதவா?’

“வீட்டுக்காரங்க சொல்லுங்க”ன்னாங்க அக்கா. “ஆமான்னா ஆமா. வேற என்ன சொன்னாலும், இருமினாக்கூட, வேணாம்னுதான் எடுத்துக்கும்.”

குமுதா திரையில இருந்த கேள்வியைத் திரும்பப் படிச்சா. வேணாம்னா புருஷன் கடைசி வரைக்கும் வாசலுக்கு வெளியதான். ஆமான்னா, பக்கத்துல துண்டோட நிக்கிற இந்த ஆளுக்குள்ள குமுதாவே முழுசா இருக்கா, பூவிழி முழுசா இருக்கா, வாய்ப்பாடு உட்பட எல்லாம் போயிரும். இருமல் வர்ற மாதிரி இருந்துச்சு, அடக்கிக்கிட்டா. வாயைத் தொறந்தா.

“ஆமா.”

சொன்னது அவ இல்ல. அவர் சொன்னார். அவ குரல், அவ நடுக்கம். அவர் ஜன்னல் வழியா வாசலைப் பாத்துக்கிட்டிருந்தார். “ரொம்ப இளைச்சுட்டார் பாரு”ன்னார். “சாப்பிட்டாரோ என்னமோ.”

அந்த ஆமா தன்னோடதுதான்னு குமுதாவுக்கு நல்லாத் தெரிஞ்சுது. எந்தப் பக்கம் நின்னிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பா. அது தெரிஞ்சதுதான் எல்லாத்தையும் விடப் பயமா இருந்துச்சு.

அவ பங்கு அதோட முடிஞ்சுது. பூவிழி பங்கு ஆரம்பிச்சுது. “ஊசி போடறப்ப மூடிக்குவேன்ல, அப்படி கண்ணை மூடிக்கிறேன்”னு சொல்லிட்டு மூடிக்கிட்டார். பக்கத்துல நின்ன பூவிழியும் மூடிக்கிட்டா.

ஸ்டெல்லா அக்கா பட்டனை அமுக்கினாங்க. திரை ஒண்ணும் சொல்லல. துண்டு மடிப்புக் கலையாம தரையில விழுந்துச்சு.

வாசல்ல சின்னப்பன் சல்யூட் அடிச்சு உள்ள விட்டார். தணிகைவேல் படியேறி வந்து கால் கழுவினார். குமுதா பாயை விரிச்சா. பூவிழி அவர் தாடியைத் தொட்டுப் பாத்துட்டு, பக்கத்துலயே ஒட்டி உக்காந்தா. சாப்பாடு பாதி போனப்பறம் குமுதா கேட்டா.

“என்னங்க, அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?”

“நீதான் செஞ்சு குடுத்த.”

“நான் இங்கல்ல இருந்தேன்.”

தணிகைவேல் வாயில இருந்ததை மென்னு முழுங்கினார். “கெளம்பறப்ப உன்ன ஒரு நகல் எடுத்து பையில போட்டுக்கிட்டேன். நாளாகும்னாங்க.”

“இப்ப எங்க அவ?”

“குடோன்லதான். ஜன்னலோரமா ஒரு எடம் குடுத்திருக்காங்க.” இன்னொரு கவளம் எடுத்தவர், அதைக் கையிலயே வச்சுக்கிட்டு அவளைப் பாத்தார். “முறை வச்சுக்கலாம்னு சொன்னா. நாளைக்கு அவ இங்க வருவா. நீ அங்க.”

குமுதா குழம்புக் கரண்டியைச் சட்டி ஓரத்துல தட்டிட்டு உள்ள வச்சா. “அங்க தண்ணி எப்ப வரும்?”

“காலைல. ஒரு மணி நேரம்.”

“குடம் கொண்டு போகணுமா?”

“அவகிட்ட இருக்கு.”

குமுதா எழுந்து பீரோவைத் தொறந்து ரெண்டு சேலையை எடுத்தா.

“அதுவும் இருக்கு”ன்னார் தணிகைவேல். “அந்த ரெண்டுதான்.”

எடுத்த சேலையைத் திரும்ப உள்ள வச்சுட்டு குமுதா வெறுங்கையோட வந்து பாயில உக்காந்தா. பூவிழி தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வச்சு, இன்னொருத்தர் உக்கார்ற அளவுக்கு எடம் விட்டா.